வீட்டுச் சாப்பாடு: எந்தத் தெரு வீடு?

'தம்பிக்கு எந்த ஊரு?'

இந்தக் கேள்விக்குப் பயப்படாமல் பதில் சொல்ல எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. ஊர் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். 'அங்க எந்தத் தெரு?' அதற்கும் எதையாவது சொல்லித் தப்பித்தால் மூன்றாவதாக, 'அப்பா பேரு?' என்று வரும். தஞ்சாவூர் ஜில்லாவில் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். அது நாகரிகம் இல்லையாம். தெருவைக் கேட்பார்கள். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று ஊரை மூன்றாக வெட்டி வைத்திருக்கிற மண்ணில் தெருவைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

1991இல் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது. மதியச் சாப்பாட்டுக்கு உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு மெஸ்ஸைக் காட்டினார்கள். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. மெஸ் என்று சொன்னாலும் அது ஒரு குடும்பம் குடியிருந்த வீடுதான். திண்ணை, நடை, அதைத் தாண்டினால் கூடம். கூடத்தில் நாலு பெஞ்சு. சுவரில் அந்த வீட்டுப் பெரியவர்கள் மாலை போட்ட படங்களில் உட்கார்ந்து, சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மூலையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகள் கிடக்கும். வாசலில் தகரப் பலகை ஒன்று: 'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.'

பார்ப்பனர் வீடு இல்லை. நிலம் வைத்திருக்கிற, குடியானத் தெருச் சாதிகளில் ஒன்று. நிலம் கைவிட்டுப் போய் டவுனுக்கு வந்த குடும்பம். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரே சமைப்பார், அவரே பரிமாறுவார். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழிப்பார்.

முதல் நாள் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதே கேட்டார்.

'தம்பிக்கு எந்த ஊரு?'

'பாபநாசம் பக்கம்.'

'பக்கம்னா?'

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

'அங்க எந்தத் தெரு?'

பசி. எதிரே ஆவி பறக்கிற சோறு. பக்கத்தில் அச்சகத்து ஆட்கள். 'குடியானத் தெரு' என்று என் வாய் சொல்லியது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் தடுமாறவும் இல்லை.

அக்காவின் முகம் மலர்ந்தது. 'அப்ப நம்ம புள்ளதான்' என்றார். உள்ளே திரும்பி, 'அந்த உறைதயிரை இங்க கொண்டாந்து வையி' என்று குரல் கொடுத்தார்.

நான் 'நம்ம புள்ள' ஆன கதை இதுதான்.

*

அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அருமையான சாப்பாடு. பொலபொலவென்று வடித்த சோறு. முருங்கைக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, வாழைப்பூ, கீரை மசியல். புதனும் ஞாயிறும் விரால் மீன் குழம்பு. திருவையாறு பக்கத்திலிருந்து வரும் தலைவாழை இலை. அளவுச் சாப்பாடு கிடையாது. 'இன்னங் கொஞ்சம் வச்சுக்க தம்பி, வயசுப் புள்ள' என்று கையால் மறிக்க மறிக்க வைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்து, சோற்றைக் குழைய வடித்துத் தந்தார். என் அறைக்கே ஆள் அனுப்பினார்.

'வீட்டுச் சாப்பாடு' என்று அந்தப் பலகை சொன்னது. ஆனால் என் வீட்டில் மதியம் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அம்மா விடியலில் போய்விடுவாள். காலையிலும் மதியத்திலும் பழையது. கூலி நெல் வந்தால் அதைக் குத்திப் புடைத்து, அந்தி சாய்ந்த பிறகு உலை வைப்பாள். இலை போட்டுச் சாப்பிட்டது கல்யாணத்திலும் கருமாதியிலும்தான். மதியம் பன்னிரண்டரைக்கு இலை போட்டு, கூட்டு, பொரியல், ரசம், மோர் என்று வரிசையாக வருகிற சாப்பாட்டை 'வீட்டுச் சாப்பாடு' என்று சொல்கிறவன் எந்த வீட்டைச் சொல்கிறான்? வீட்டில் ஒருத்தி வேலைக்குப் போகாமல் அடுப்படியில் நிற்க முடிந்த வீடு. கொல்லையில் முருங்கையும் வாழையும் நிற்கிற வீடு. களத்துமேட்டிலிருந்து நெல் வண்டியில் வந்து பத்தாயத்தில் இறங்குகிற வீடு.

அந்த மாதிரி வீடுகளில் எங்கள் ஆட்களும் சாப்பிட்டிருக்கிறார்கள். கொல்லைப்புறத்தில். என் தாத்தா பண்ணையாள். தரையில் குழி பறித்து, குழிமேல் இலையைப் போட்டு, அதில் கஞ்சியை ஊற்றுவார்களாம். கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு இலையை அவரே எடுத்து, குழியையும் மூடிவிட்டு வர வேண்டும். தேநீருக்குக் கொட்டாங்கச்சி. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் செங்கொடியோடு வந்து, திருப்பி நிற்கச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் சவுக்கு கீழே இறங்கியது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. தாத்தாவுக்கு 'வீட்டுச் சாப்பாடு' என்றால் ஆண்டை வீட்டுக் கொல்லை. எனக்கு அது கூடமாகிவிட்டது. நடுவில் இருந்தது நாற்பது வருஷம், ஒரு பொய்.

*

1992 தை மாதம். அறுவடை முடிந்த கை. ஒரு மத்தியானம் அம்மா தஞ்சாவூர் வந்தாள். அச்சகத்தில் விசாரித்துக்கொண்டு மெஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. வயல் நண்டு பிடித்து இடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு உயிர் அது.

திண்ணைக்குக் கீழே, தெருவில் நின்றாள். கூப்பிடவில்லை. நான் சாப்பிட்டு முடித்து வெளியே வரட்டும் என்று நின்றாள். அக்காதான் முதலில் பார்த்தார்.

'யாரு தம்பி அது? உன்னயே பாத்துட்டு நிக்கிது?'

திரும்பிப் பார்த்தேன். முழங்கால் வரை ஏறிய சேலை, வெயிலில் கருத்த உடம்பு, வெற்றிலைக் கறை. எந்தத் தெரு என்று யாரும் கேட்கத் தேவையில்லாத உருவம்.

'எங்க ஊர்ல வேலை செய்யிற அம்மா. வீட்லேர்ந்து குடுத்து விட்டிருக்காங்க' என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்திலிருந்து தெரு பத்தடி தூரம்.

அக்கா கெட்டவர் இல்லை. 'ஐயோ பாவம், இந்த வெயில்ல வந்திருக்கு. பசியா இருக்கும்' என்றார். உள்ளே பார்த்து, 'அந்தம்மாவுக்கும் ஒரு இலை போடு. கொல்லப்பக்கம் வரச் சொல்லு' என்றார். பக்கவாட்டுச் சந்து வழியாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டேன். அம்மா கொல்லையில், பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே ரசஞ்சோறு சாப்பிட்டாள். கை கழுவப் போனபோது பார்த்தேன். இலையை அவளே மடித்து எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கையால் வழித்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. என் இலையை எடுக்க அங்கே ஆள் இருந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. 'சட்டியப் பத்திரமா வச்சுரு, அடுத்த தடவ எடுத்துக்கிறேன்' என்றாள். வழியெல்லாம் அந்த வருஷ மகசூலைப் பற்றித்தான் பேசினாள்.

பல வருஷம் கழித்து, அப்பா செத்துப்போன சமயத்தில், மீதியைச் சொன்னாள். அந்த மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது நம்ம ஆளாம். அம்மாவின் முகத்தையும் உள்ளே இருந்த என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஒம் புள்ளையா?' என்று கேட்டிருக்கிறது.

'இல்ல. எங்கூரு பண்ண வீட்டுப் புள்ள' என்றாளாம் அம்மா.

*

மூன்று பொய்கள். குடியானத் தெரு என்று நான் சொன்னது ஒன்று. வேலை செய்கிற அம்மா என்று நான் சொன்னது இரண்டு. பண்ணை வீட்டுப் பிள்ளை என்று அம்மா சொன்னது மூன்று. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த மூன்றையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றா?

காண்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் உன் வீட்டுக் கதவைத் தட்டி, 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது, உண்மை என்பது விலக்கில்லாத கடமை என்றார். கல்லூரியில் இதைப் படித்திருக்கிறோம், பரீட்சை எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த உதாரணத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பதில் சொல்கிறவன் வீட்டுக்குள் நிற்கிறான். கேட்கிறவன் தெருவில் நிற்கிறான். தலித்துக்கு இது தலைகீழ். கேட்கிறவர் வீட்டுக்குள், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறார். பதில் சொல்ல வேண்டியவன் பசியோடு வாசலில் நிற்கிறான். உண்மை சொல்கிற கடமையைப் பற்றி எழுதியவர்கள் நம் வாசலில் நின்று எழுதவில்லை.

'எந்தத் தெரு?' என்று கேட்கிறவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? தெருவைத் தெரிந்துகொண்டு அவர் அங்கே விருந்துக்கு வரப்போவதில்லை. அந்தக் கேள்வி கதவின் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கு உண்மை சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. ஆகவே என் முதல் பொய்யை நான் குற்றமாகக் கருதவில்லை. அதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

பாபாசாகேப் அம்பேத்கரே இதைக் கடந்து வந்தவர்தான். 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். இந்து ஓட்டல்களில் இடம் கிடைக்காது. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சி அல்லாதவர் தங்க முடியாது என்றான் விடுதிக்காரன். கடைசியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு இடம் கொடுத்தான். பதினோராவது நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, நீ யார் என்று கேட்டது. வெளியே துரத்தியது. அத்தனை படித்த அந்த மனிதர் போக இடமில்லாமல் ஒரு பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார். மறைத்ததைக் குற்றமாக எழுதவில்லை. மறைக்க வைத்த உலகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

*

'அது அவங்க வீடு. வீட்டுக்குள்ள யாரை விடணும்னு கேக்க அவங்களுக்கு உரிமை இல்லையா?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். முற்போக்கானவர்தான். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் நுழைய சாதி தடையாக இருக்கக் கூடாது என்கிறது. 17வது பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது. 1955 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டல் என்ற சொல்லுக்குள் போர்டிங் ஹவுஸையும் காபிக் கடையையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே இருக்கிற பாத்திரத்தைப் புழங்கத் தடுப்பதும் குற்றம். 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக மாறி, தண்டனை கூடியது. காசு வாங்கிச் சோறு போட்டால் அது பொது இடம். ஆக, பலகையைத் தொங்கவிட்ட அன்றைக்கே அந்தக் கூடம் வீடாக இருப்பதை நிறுத்திவிட்டது.

ஆனால் அந்தப் பலகை என்ன செய்கிறது? கடை நடத்திக்கொண்டே 'வீடு' என்கிறது. காசு வாங்கும்போது கடை, ஆளைப் பார்க்கும்போது வீடு. வீட்டின் ருசியை, வீட்டின் கைப்பக்குவத்தை, வீட்டின் 'இன்னங் கொஞ்சம் வச்சுக்க'வை விற்கிறது. அதோடு சேர்த்து வீட்டின் கொல்லைப்புறத்தையும் நமக்கு எடுத்து வைக்கிறது.

பெரியார் 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் மறியல் தொடங்கினார். பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்பதுதான் கோரிக்கை. பல மாதங்கள் தொண்டர்கள் தினமும் கைதாகிப் போனார்கள். கடைசியில் சொல் இறங்கியது. அதற்கு முன்னால் 1941இல் ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் என்பது ஒழிந்தது. அந்தப் போராட்டங்கள் இல்லாவிட்டால் நான் எந்தக் கூடத்திலும் கால் வைத்திருக்க முடியாது. அந்த நன்றியோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன். 'பிராமணாள்' என்ற சொல்லைத் தார் பூசி அழிக்கலாம். 'வீடு' என்ற சொல்லை எதைப் பூசி அழிப்பது? அதில் சாதிப் பெயரே இல்லையே. பார்ப்பனப் பலகையை எதிர்த்துத் தார்ச்சட்டி தூக்கியவர்கள் சிலரின் வீட்டிலேயே கொல்லைப்புறம் அப்படியே இருந்ததே, அதற்கு எந்தப் பலகை?

*

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரத்தில், ஆலிஸ் பார்பிக்யூ என்ற கடை இருந்தது. 1927இல் தொடங்கிய குடும்பக் கடை. தெற்கத்திச் சமையல், குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள். அங்கே 36 பேர் வேலை பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். சமைத்தது கறுப்புக் கை, பரிமாறியது கறுப்புக் கை. ஆனால் கறுப்பர் யாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகலாம். 1964இல் வந்த சிவில் உரிமைச் சட்டம் இதைத் தடுத்தபோது, எங்கள் கடை எங்கள் இஷ்டம் என்று கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு எதன்மேல் நின்றது தெரியுமா? மனித மாண்பின் மேல் அல்ல. இறைச்சியின் மேல். அந்தக் கடை வாங்கிய உணவுப் பொருளில் கிட்டத்தட்டப் பாதி, வேறு மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. ஆகவே அது மாநிலங்களுக்கிடையிலான வணிகம், ஆகவே நாட்டின் சட்டம் அந்தக் கூடத்துக்குள் நுழையலாம் என்றார்கள் நீதிபதிகள். முதலில் இதைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது. மனுஷனை உள்ளே விட மாட்டின் பயணத்தையா கணக்கெடுப்பது? பிறகு யோசித்தேன். அந்தக் கேள்வியில் ஒரு நேர்மை இருக்கிறது. சாப்பிட வந்தவனைப் பார்த்து 'நீ எங்கிருந்து வருகிறாய்' என்று கேட்கவில்லை. இலையைப் பார்த்து, 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டார்கள்.

கேட்டுப் பார்ப்போமே. அக்கா, இந்தச் சோறு எந்தத் தெரு?

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரும். வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் பிரிந்து வாய்க்காலுக்கு வரும். அந்த வாய்க்காலைத் தூர் வாரியது எந்தத் தெரு? நாற்றைப் பறித்து, முடி கட்டி, சேற்றில் குனிந்து நட்டது எந்தத் தெரு? களையெடுத்தது, அறுத்தது, கட்டுத் தூக்கியது, களத்தில் அடித்தது, தூற்றியது? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட சனங்கள். அந்த நெல் எந்தத் தெரு? இந்த ஜில்லாவில் எந்தக் கூடத்தில் எந்த இலையில் விழுகிற சோறும் சேரியின் கை படாமல் வருவதில்லை. நெல்லுக்குத் தீட்டு இல்லை, அரிசிக்குத் தீட்டு இல்லை. நட்டவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சுக்குத் தீட்டு.

அரிசி வெந்துவிட்டால்தான் இவர்களுக்குச் சாதி ஞாபகம் வருகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதிக்காரர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை மாற்றி உத்தரவு போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது. அவர்கள் வீட்டு அரிசியை யார் விளைவித்தார்கள் என்று அந்தப் பெற்றோர் ஒரு நாளாவது கேட்டிருப்பார்களா?

*

அதே அலபாமாவில், மான்ட்கமரி நகரத்தில், ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு கறுப்பினச் சமையல்காரப் பெண் இருந்தார். 1955இல் பஸ் புறக்கணிப்பு தொடங்கியபோது, கோழி வறுத்து, கேக் செய்து விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார். கூட வேலை செய்த பெண்கள் பலர் வெள்ளையர் வீடுகளில் இருந்தவர்கள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்' என்று பொருள்படும் பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், 'எங்கிருந்தும் இல்லை.' நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்குப் பிறகு ஜார்ஜியாவின் வேலை போயிற்று. சொந்த வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் கிங் அந்த வீட்டில் வந்து சாப்பிட்டார். வெள்ளையர்களும் வந்து சாப்பிட்டார்கள். அதுவும் வீட்டுச் சாப்பாடுதான். அந்த வீட்டில் கொல்லைப்புறம் என்று தனியாக ஒன்று இல்லை.

இதைப் படித்த பிறகுதான் என் மூன்று பொய்களுக்கும் எடைக்கல் கிடைத்தது.

அந்தப் பெண்களும் மறைத்தார்கள். 'எங்கிருந்து?' என்ற கேள்விக்கு உண்மை சொல்லவில்லை. ஆனால் ஒருவரையொருவர் காப்பாற்ற மறைத்தார்கள். என் முதல் பொய் என் பசிக்காக. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் அம்மா சொன்ன பொய் எனக்காக. பிள்ளையின் இலையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் வயிற்றையே அவள் மறுத்தாள். என் இரண்டாவது பொய்தான் பொய். அது அக்காவிடம் சொன்னதாலல்ல. அக்காவுக்கு நான் எந்த உண்மையும் கடன்படவில்லை. அம்மாவுக்குக் கடன்பட்டிருந்தேன். கேட்டது அக்கா. தண்டனை வாங்கியது அம்மா. தாத்தா உட்கார்ந்த கொல்லைக்கு அம்மாவை அனுப்பியது அந்த மெஸ் மட்டுமில்லை, நானும்தான். சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே ஒரு இடம் கொடுத்துவிட்டு, இன்னொருத்தரை வெளியே நிறுத்துகிற வேலையை நம் வாயாலேயே செய்ய வைக்கிறது. இன்று படித்து, வேலைக்குப் போய், ஊர்ப் பேரை மாற்றிச் சொல்லிக்கொண்டு நகரங்களில் வாழ்கிற நம் தோழர்கள் பலருக்கு இது புரியும். அவர்களைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. மறையுங்கள், வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும். ஆனால் நம் மறைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

அப்புறம் அக்காவின் அன்பு. அது பொய்யா? காய்ச்சலுக்கு ரசம் வைத்துக் கொடுத்த கை பொய்யா? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது எனக்கு வந்த அன்பும் இல்லை. அவர் கற்பனை செய்துகொண்ட ஒரு குடியானத் தெருப் பையனுக்கு வந்தது. அவன் விலாசத்தில் நான் வாங்கிச் சாப்பிட்டேன். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்தார். தெரு விசாரித்த பிறகு வைக்கிற சோற்றுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று தமிழ்ப் புலவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

அந்த மெஸ் இப்போது இல்லை. வீட்டை இடித்து ஒரு காம்ப்ளக்ஸ் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் அம்மாவின் கண்ணுக்காகத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது மணி ஒன்றரை. பசிக்கிறது என்றாள். ஒரு சந்தில் அதே மாதிரி பலகை. இப்போது டிஜிட்டல் பேனர். 'வீட்டுமுறை சாப்பாடு.' அம்மா வாசலில் தயங்கினாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

பரிமாறிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல முகம். அம்மாவின் கண் கட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தது.

'பாட்டிக்கு எந்த ஊரு?'

எனக்கு வயிற்றில் பழைய பயம் ஒன்று அசைந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள். ஊர்ப் பேரைச் சொன்னாள்.

'அங்க எங்க பாட்டி?'

'காலனிதான் ஆயி. இது எம் புள்ள.' சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

ரசக் கரண்டி வாளிக்கும் இலைக்கும் நடுவில் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மூச்சு. அதற்கு மேல் இருக்காது. பிறகு ரசம் விழுந்தது. அந்தப் பெண் அடுத்த இலைக்குப் போனது. மோருக்கு வேறொரு ஆள் வந்தார்.

வெளியே வந்து நிழலில் நின்றோம். அம்மா வெற்றிலையை எடுத்தாள்.

'கரண்டி நின்னுச்சு, பாத்தியா?' என்றாள்.

'ஒத்தக் கண்ணுல அது எப்புடித் தெரிஞ்சிச்சு ஒனக்கு?'

'அது தெரியாதா?' சுண்ணாம்பைத் தடவினாள். 'நின்னா நிக்கட்டும். நாம எந்திரிக்கலல்ல.'

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: 'சோறு கொஞ்சம் குழைஞ்சிருச்சு. ஆனா அரிசி நம்ம பக்கத்து அரிசிதான்.'